லேத்தின் காலடியில் ஐம்பொன் தகடு

துறைமுகத்தில் கிரேன் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்க்கிறேன். கொற்கைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரிலிருந்து தினமும் ஸ்கூட்டரில் போய் வருவேன். என் சம்பளத்தில் நான் வாங்கிய முதல் பெரிய பொருள், இரும்பைச் சுழற்றிக் கடையும் ஒரு பழைய லேத். மேசைமேல் வைக்கக்கூடியதுதான், ஆனால் தூக்க நாலு ஆள் வேண்டும். பழைய மிஷின்கள் விற்கும் கடையிலிருந்து அது வந்து இறங்கியபோது அம்மா சுற்றிவந்து பார்த்துவிட்டு, "ஏளா, இது மாவாட்டுமா?" என்று கேட்டாள்.

உர மூட்டை போட்டிருந்த பின்னறையைக் காலி செய்து, கொத்தனாரைக் கொண்டு கட்டிய சிமெண்ட் மேசைமேல் அதை வைத்தோம். சூடான காற்றில் ஓடும் ஒரு சின்ன இன்ஜின் செய்வது என் எண்ணம். அடியில் ஒரு ஸ்பிரிட் விளக்கு, மேலே ஒரு சிலிண்டர், அதற்குள் பிஸ்டன், பக்கத்தில் சுற்றும் ஒரு சக்கரம். எந்த வேலைக்கும் பயன்படாது. ஆனால் பிஸ்டன் சிலிண்டருக்குள் உரசாமலும் காற்றைக் கசியவிடாமலும் போய்வந்தால்தான் அது ஓடும். அந்த அளவுக்கு என்னால் ஒரு பொருளைச் செய்ய முடியுமா என்று தெரிந்துகொள்ள விரும்பினேன். வேலையில் நான் கழற்றி மாட்டுவதெல்லாம் வேறு யாரோ செய்தவை.

இதற்கு நடுவில் அக்காவுக்கு வளைகாப்பு நடத்தி முதல் பிரசவத்துக்குக் கூட்டிவர நாள் குறித்தார்கள். அவளுக்குத் தனி அறை வேண்டும். அம்மா முடிவாகச் சொல்லிவிட்டாள். "அவ வாரதுக்குள்ள ஒன் சாமான் ஓடணும். ஓடுச்சுன்னா நாங்க ரெண்டு பேரும் எங்க ரூம அவளுக்கு விட்டுட்டு ஹால்ல படுத்துக்கிடுதோம். இல்லேன்னா கடைக்கார அண்ணாச்சிக்கே திருப்பிக் குடுத்துரு. ஓடாத சாமானுக்கு ஒரு ரூம ஒதுக்க முடியாது."

நியாயமாகத்தான் பட்டது. ஒத்துக்கொண்டேன்.

சிலிண்டரைக் குடைந்தேன், பிஸ்டனைக் கடைந்தேன். பிஸ்டன் ஒரு முனையில் இறுகியது, மறுமுனையில் லொடலொடத்தது. இன்னொரு ஜோடி செய்தேன். அதுவும் அப்படியே. ஒரு இரும்புக் கம்பியை, கவ்விச் சுழற்றும் சக்கில் பிடித்துச் சோதனைக்காகக் கடைந்து அளந்தபோது, சக்கிலிருந்து தள்ளியிருக்கும் முனை ஒரு மயிரிழை தடித்திருந்தது. லேத் நேராகக் கடையவில்லை.

இப்படி நேரும்போது, சோதிக்க எளிதானது முதலில் வருமாறு ஒரு பட்டியல் போடுவேன். வெட்டும் உளி மழுங்கியிருக்கிறதா? இல்லை. பேரிங் ஆடுகிறதா? இல்லை. உளியைத் தாங்கி நகரும் பாகம் தளர்ந்திருக்கிறதா? கொஞ்சம், இறுக்கினேன், பலனில்லை. உப்புக்காற்றில் எங்காவது துருவேறி மேடு தட்டியிருக்கிறதா என்று எண்ணெயைத் துடைத்து விரல் நகத்தால் தடவிப் பார்த்தேன். வழவழவென்று இருந்தது. கடைசியில் நின்றது ஒன்றுதான்: லேத்தின் பெட், அதாவது எல்லாவற்றையும் தாங்கும் அந்த நீளமான இரும்புப் படுகை, முறுக்கிக்கொண்டிருக்கிறதா?

அதைக் கடைசியில் எழுதக் காரணம் இருந்தது. வைத்த அன்று காலையில், வேலையிடத்தில் கேட்டு வாங்கிவந்த நுட்பமான ரசமட்டத்தால் நானேதான் பார்த்துச் சரிசெய்திருந்தேன். போல்ட்டுகளைக் கையால் மட்டும் முடுக்கிவிட்டு ஷிஃப்டுக்குக் கிளம்பினேன். நல்ல நேரம் நான் இல்லாதபோது வந்ததால் அப்பாவும் கொத்தனாரும் அவற்றை இறுக்கிவிட்டார்கள். திரும்பி வந்தபோது லேத்தின் நெற்றியில் குங்குமம் இருந்தது. வேலை மிச்சம் என்று சந்தோஷப்பட்டேன்.

ரசமட்டத்தை மறுபடி வாங்கிவந்து வைத்தேன். சக்குக்கு எதிர்முனையில் குமிழி ஒதுங்கி நின்றது. அந்த முனையில் சுவர்ப் பக்கத்துக் காலின் போல்ட்டைத் தளர்த்தி, நெம்பி, டார்ச் அடித்துப் பார்த்தேன். காலுக்கும் மேசைக்கும் நடுவில் ஒரு மெல்லிய தகடு பளபளத்தது. பூஜைச் சாமான் கடையில் விற்கும் ஐம்பொன் தகடு.

அப்பாவைக் கூப்பிட்டேன். "என்னப்பா இது?"

"அதுவா... வாசல் நிலை வைக்கும்போது அடியில ஐம்பொன் போடுதோம்லா, அது மாதிரிதான். ஈசான மூலை பாத்து நான்தான் வச்சேன்."

"இது வாசல் இல்லப்பா. இந்தத் தகடு ஒரு மூலைய மட்டும் தூக்கி லேத்தோட படுகையவே முறுக்கிருச்சு."

"இம்புட்டுத் தகடா? இரும்பையா?"

"போல்ட்ட நல்லா இறுக்கினீங்கள்லா."

அவர் முகம் வாடியது. "நீ மொத மொத சம்பாதிச்சு வாங்கினது. வீட்டுல தங்கணும்னு வச்சேன்."

அடுப்படியிலிருந்து அம்மா வந்தாள். "வச்சத எடுக்கக் கூடாதுளா. எடுத்தா தங்காது."

"எடுக்காட்டாலும் தங்காதும்மா. அக்கா வாரதுக்குள்ள ஓடலேன்னா அனுப்பிரணும்னு நீதான சொன்ன?"

அப்பா சிரிப்பை அடக்கப் பார்த்து இருமினார்.

பிடுங்கி எடுத்துவிட்டு அவர்களிடம் சொல்லாமலே இருந்திருக்கலாம். ஆனால் அந்தத் தகட்டை அவர் வைத்ததும் நான் ரசமட்டம் வைத்ததும் ஒரே விருப்பத்தில்தான் என்று தோன்றியது. இருவரும் இந்த மிஷின் இங்கே நிலையாக இருக்க வேண்டும் என்றுதான் பார்த்தோம். அதோடு லேத் கிடைமட்டமாக இருந்தாக வேண்டும் என்று கட்டாயமில்லை. ஆடும் கப்பலில்கூட லேத் வேலை செய்கிறது. முறுக்கு இல்லாமலிருந்தால் போதும். ஒரு முனையின் பின்கால் உயர்ந்திருந்தால், அதே முனையின் முன்காலையும் அதே அளவு உயர்த்தினால் முறுக்கு போய்விடும்.

"இன்னொரு தகடு கெடைக்குமாப்பா?" என்று கேட்டேன்.

சட்டையை மாட்டிக்கொண்டு அப்போதே கிளம்பிவிட்டார். வாங்கிவந்ததை மைக்ரோமீட்டரில் அளந்தேன். முதல் தகட்டைவிடக் கொஞ்சம் மெல்லியது. ஒரு பித்தளைத் தாளைச் சேர்த்து ஈடுகட்டினேன். இந்த முறை போல்ட்டுகளை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன், அப்பா குமிழியைப் பார்த்துக்கொண்டே "அசையல... அசையல..." என்று சொல்லிக்கொண்டிருந்தார். சோதனைக் கம்பியைக் கடைந்தேன். இரண்டு முனையும் ஒரே அளவு காட்டின. புதிதாகச் சிலிண்டரைக் குடைந்தேன். பிஸ்டனைப் போட்டு அடியை விரலால் மூடினால், அது இறங்காமல் காற்றின்மேல் நின்றது.

வளைகாப்புக்கு முந்தின நாள் காலையில் விளக்கை ஏற்றினேன். சிலிண்டர் சூடாகும்வரை காத்திருந்து சக்கரத்தை விரலால் தட்டினேன். இரண்டு சுற்று சுற்றி நின்றது. மறுபடி தட்டினேன். இந்த முறை நிற்கவில்லை. டிக் டிக் என்று வேகம் பிடித்தது.

அம்மா வாசற்படியில் நின்று பார்த்தாள். "இது எதுக்கு ஆகும்?"

"ஒண்ணுக்கும் ஆகாதும்மா. ஓடும்."

சேலை முந்தியை இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு, "சரி, அத அமத்திட்டு வா. எங்க கட்டிலோட அந்தப் பக்கத்தப் பிடி, ஹாலுக்குக் கொண்டு போவோம்" என்றாள்.