சாமைக் கஞ்சியும் பத்துக் குத்தும்

அந்தப் பேராசிரியரின் விரல்களில் நான் பத்து முறை ஊசி குத்தினேன். பத்தையும் அனுபவித்துத்தான் குத்தினேன். பாவம் என்று ஒரு முறைகூடத் தோன்றவில்லை. இதை எழுதும்போதும் தோன்றவில்லை.

ஏழாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. கரும்பு வெட்டினேன், கிணறு தோண்டினேன், பெங்களூரில் ஒரு ஓட்டலில் பாத்திரம் கழுவினேன், லாரியில் மரவள்ளி ஏற்றினேன். எந்த வேலையிலும் முழுதாக ஒரு வருடம் இருந்ததில்லை. சண்டை போட்டு வந்தவன் இல்லை. கால் ஒரே இடத்தில் நிற்காது, அவ்வளவுதான். கல்வராயன் மலையில் எந்த ஊருக்கு எந்தப் பக்கம் ஏற வேண்டும், எந்த ஓடை எப்போது வழி மறிக்கும் என்பதெல்லாம் அப்படித் திரிந்ததில் படிந்தது. அதற்காகத்தான் பேராசிரியர் என்னைத் தேடிப் பிடித்தார்.

அவர் உணவைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவர். மலையில் விளையும் சாமை சர்க்கரையை மெதுவாகத்தான் ஏற்றுகிறதா என்று பார்க்க வேண்டும் என்றார். மலையில் ஒரு சிற்றூரிலிருந்து சாமையைச் சுமந்து வந்து, சங்கராபுரம் பக்கத்தில் ஒரு ஊரில் கஞ்சி காய்ச்சி ஊற்றி, குடித்தவர்களின் விரலைக் குத்தி, கருவி காட்டும் எண்ணை நோட்டில் எழுத வேண்டும். வெறும் வயிற்றில் ஒரு குத்து. குடித்த பிறகு அரை மணிக்கு ஒன்றாக நான்கு. ஆக ஐந்து. முதல் வாரம் ஒரு நர்சு வந்து குத்தக் கற்றுக் கொடுத்தார். பிறகு நான்தான்.

மாரியம்மன் கோயிலுக்கு எதிரே இருந்த சிமெண்டு மேடையில் எல்லோரும் வரிசையாக உட்காருவார்கள். எதிரில் டீக்கடை வைத்திருந்த பெண்ணும் வருவாள். "கொசுவுக்குக்கூட ஒரு தபா தான் ரத்தம் குடுப்பேன். உனக்கு அஞ்சு தபாவாண்ணே?" என்பாள். ஆனாலும் விரலை நீட்டுவாள். அவள் நீட்டினால் மற்றவர்களும் நீட்டுவார்கள்.

நான் நோட்டில் எண்ணோடு மற்றதையும் ஓரத்தில் எழுதுவேன். மழை பெய்தது, இவர் வரும் வழியில் பீடி குடித்தார், இந்த மூட்டை அவித்த சாமை என்று. பேராசிரியர் ஒருநாள் நோட்டைப் புரட்டிவிட்டுச் சிரித்தார். "எண்ண மட்டும் எழுதுப்பா. கதை எழுதாத." அன்றிலிருந்து அவர் எண்களை மட்டும் படம் பிடித்துக்கொண்டு போவார். ஓரத்தை விட்டுவிடுவார். நான் எழுதுவதை நிறுத்தவில்லை. பேச ஆளில்லாமல் நடந்து பழகியவனுக்கு எழுதுவது ஒரு துணை.

அவித்த சாமை என்று ஏன் எழுதினேன் என்பதைச் சொல்ல வேண்டும். நான் சாமை வாங்கிய அந்த ஒரு ஊரில் ஒரு கட்டு உண்டு. பக்கத்து ஊரில்கூட அது கிடையாது. புதுச் சாமையைச் சாமிக்குப் படைக்கும்வரை முளைக்கக்கூடிய தானியம் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. வெளியாள் கேட்டால் இல்லை என்று சொல்லவும் மாட்டார்கள். உமியோடு ஊறவைத்து, அவித்து, பாறையில் காயவைத்துக் கொடுப்பார்கள். அவித்தது முளைக்காது, சாமிக்கும் கோபம் வராது. படையல் முடிந்த பிறகு பச்சையாகவே அளந்து போடுவார்கள். எனக்குச் சாமை கொடுத்த அக்கா இதை முதல் நாளே சொன்னாள். நானும் எழுதிவைத்தேன். அதோடு மறந்தும் போனேன்.

முதலில் வந்த மூட்டைகளில் சர்க்கரை மெல்ல ஏறி மெல்ல இறங்கியது. பேராசிரியருக்குத் தலைகால் புரியவில்லை. கள்ளக்குறிச்சி பேருந்து நிலையம் பக்கத்தில் எனக்குப் புரோட்டா வாங்கிக் கொடுத்தார். அவர் கையால் கிடைத்த ஒரே நல்லது அதுதான். பிறகு மலையில் படையல் முடிந்தது. அடுத்து வந்த மூட்டைகளில் சர்க்கரை விறுவிறுவென்று ஏறியது. நான் கருவி காட்டியதை எழுதினேன்.

ஒரு காலை அவர் காரில் வந்து இறங்கினார். மேடையில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "இதெல்லாம் இவன் டீக்கடையில உக்காந்து இட்டுக்கட்டி எழுதினது. நீங்க குடுத்த ரத்தம் வீணாப் போச்சு." நோட்டை என் காலடியில் போட்டார். நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார்.

நான் கத்தவில்லை. குத்தினேன் என்பது அவர்களுக்குத் தெரியும். என்ன எழுதினேன் என்பது தெரியாது. டீக்கடைக்காரி எழுந்து வந்து, தாழ்ந்த குரலில் கேட்டாள். "நெசமா சொல்லுண்ணே. நீ எழுதனது எங்க நம்பரு தானா?"

அவர் சொன்னதைவிட அவள் கேட்டதுதான் அறுத்தது. ஆமாம் என்றேன். அவள் தலையாட்டினாள். நம்பியவள் ஆட்டுகிற மாதிரி இல்லை.

பேருந்தில் போகும்போது நோட்டைப் புரட்டினேன். எண்கள் மாறும் பக்கத்தில்தான் ஓரத்தில் 'அவித்தது' என்ற சொல் நின்றுபோயிருந்தது. நெல்லை அவித்தால் புழுங்கலரிசி, அவிக்காவிட்டால் பச்சரிசி. இரண்டும் வயிற்றில் ஒரே மாதிரி நடக்காது என்பது சமைக்கிறவர்கள் எல்லோருக்கும் தெரியும். அடுத்த நிறுத்தத்தில் இறங்கிப் போய் அவரிடம் சொல்லியிருக்கலாம். நோட்டை மடித்து வேட்டிக்குள் செருகிக்கொண்டேன். தேடட்டும் என்று நினைத்தேன். செத்தாலும் கிடைக்கக் கூடாது என்றும் நினைத்தேன்.

அவருடைய கட்டுரை வெளிவந்தது. பிறகு வேறு ஊர்களில் உள்ளவர்கள் அதே சோதனையைக் கடையில் வாங்கிய சாமையை வைத்துச் செய்து பார்த்தார்களாம். அவர் சொன்னது வரவில்லை. கேள்வி கிளம்பியது. இதெல்லாம் எனக்குத் தெரிந்தது, ஒரு கணக்கு மேடம் என்னைத் தேடி வந்தபோது. வேறொரு கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுக்கிறவர். எண்களைச் சரிபார்க்கும் வேலை அவரிடம் போயிருக்கிறது. சின்னசேலம் பக்கம் ஒரு ஜவ்வரிசி ஆலையில் நான் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். இரண்டு பேருந்து மாறி, வாசலில் வெயிலில் நின்றிருந்தார்.

கட்டுரையில் என்னைப் பற்றி ஒரு வரி இருப்பதாகச் சொல்லி, ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் படித்துக் காட்டினார். களப்பணியாளர் பொய்யாகப் பதிந்ததால் பிற்பகுதி எண்கள் நீக்கப்பட்டன என்று. என் பெயரைப் போடவில்லை. ஆனால் அந்த மேடையில் உட்கார்ந்த அத்தனை பேருக்கும் அது யாரென்று தெரியும்.

"நீங்க பொய் எழுதல," என்றார் மேடம். "இட்டுக்கட்டுறவங்களுக்கு ஒரே எண்ண அடுத்தடுத்து எழுத பயமா இருக்கும். மாத்தி மாத்தி எழுதுவாங்க. உங்க கை பயப்படல. ஆனா எண்கள் ரெண்டு குவியலா நிக்குது. நடுவுல ஏதோ மாறியிருக்கு. இன்னான்னு சொன்னீங்கன்னா அந்த வரிய எடுக்கச் சொல்ல முடியும்."

நன்றாகப் புரிந்தது. காரணத்தைச் சொன்னால் என் பெயர் மீளும். கூடவே பேராசிரியரும் மீளுவார். அவருடைய முதல் கண்டுபிடிப்பு பொய்யில்லை என்று ஆகிவிடும். என்னைக் காப்பாற்றிக்கொள்ள அவரைத் தோளில் தூக்கிக் கரையேற்ற வேண்டும். எனக்கு ஒன்றும் தெரியாது என்று மேடத்தை அனுப்பிவிட்டேன்.

மாதங்கள் போயின. பேராசிரியர் தூங்காமல் இருப்பார் என்று நினைத்தால் எனக்குத் தூக்கம் நன்றாக வந்தது. ஆனால் சங்கராபுரம் வழியாகப் போகும்போது அந்த ஊர் நிறுத்தத்தில் தலையைக் குனிந்துகொண்டேன். இரண்டாவது முறை குனிந்தபோது எனக்கே கேவலமாக இருந்தது. நான் ஏன் குனிய வேண்டும்?

மேடத்துக்குப் போன் செய்து, சொல்கிறேன், ஆனால் பேராசிரியர் அதே மேடைக்கு வர வேண்டும் என்றேன். அவரே எனக்குப் பேசினார். போனிலேயே சொல், போதும் என்றார். "வந்து கஞ்சி குடிங்க சார். ரெண்டு நாளைக்கு," என்றேன்.

வந்தார். வேறு வழி இல்லை அவருக்கு. மேடமும் வந்தார். டீக்கடைக்காரி கடையை விட்டுவிட்டு மேடையில் முதல் ஆளாக உட்கார்ந்தாள். மலையிலிருந்து நான் இரண்டு பை கொண்டுவந்திருந்தேன். முதல் நாள் ஒன்றில் காய்ச்சினேன். அவர் கையை நீட்டினார். ஓரமாகக் குத்தினால் வலி கம்மி என்று நர்சு சொல்லிக் கொடுத்திருந்தார். நான் நடுவில் குத்தினேன்.

"இன்னா சார், கொசு கடிச்ச மாதிரி இருக்குதா?" என்றாள் டீக்கடைக்காரி. மேடையில் எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

நோட்டையும் பேனாவையும் அவரிடமே கொடுத்தேன். எழுதும்போது பையைக் காட்டி ஏதோ கேட்க வந்தார். "எண்ண மட்டும் எழுதுங்க சார்," என்றேன். "கதை எழுதாதீங்க." அவர் காது சிவந்தது. அதைப் பார்க்க நான் ஒன்றரை வருடம் காத்திருந்தேன்.

இரண்டாம் நாள் மற்ற பையில் காய்ச்சினேன். ஐந்து குத்து. முதல் நாள் மெல்ல ஏறிய எண்கள் இன்று குதித்து ஏறின. தன் ரத்தம், தன் கையெழுத்து. இட்டுக்கட்டியது என்று சொல்ல முடியவில்லை. இரண்டு நாள் பக்கங்களையும் மாற்றி மாற்றிப் புரட்டினார். பிறகு இரண்டு பையிலும் கைவிட்டுத் தானியத்தை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். ஒன்று வெள்ளை, ஒன்று லேசான மஞ்சள். படித்தவர்தான், உடனே பிடித்துக்கொண்டார்.

"ஒண்ணு அவிச்சதா?"

ஆமாம் என்றேன். படையல் கட்டைச் சொன்னேன். பழைய நோட்டின் ஓரத்தை விரித்துக் காட்டினேன். இத சொல்லியிருக்கலாமே என்று முனகினார். எழுதியிருந்தேன் சார் என்றேன். அவர் மன்னிப்பு கேட்டார், மேடத்தைப் பார்த்து. இவங்களப் பாத்துச் சொல்லுங்க என்று மேடையைக் காட்டினேன். அவர்களைப் பார்த்து, இவர் எழுதியது உங்கள் எண்கள்தான் என்று சொன்னார். குரல் எழும்பவில்லை. கேக்கல சார் என்றாள் டீக்கடைக்காரி. மறுபடி சொன்னார்.

அவர் கார் ஏறிய பிறகு அவள் தன் விரலை என் முன்னால் நீட்டினாள். "எனக்கும் ஒண்ணு குத்துண்ணே. சக்கர எவ்ளோ இருக்குதுன்னு பாப்போம்." ஓரமாகத்தான் குத்தினேன்.

கட்டுரைக்குத் திருத்தம் வந்தது. என்னைப் பற்றிய வரி போய்விட்டது. அவித்த சாமையை வைத்து அவர் இன்னொரு கட்டுரை எழுதத் தொடங்கியிருப்பதாகவும் மேடம் சொன்னார். இப்படி ஆகும் என்று எனக்குத் தெரிந்ததுதான். தெரிந்தும் வயிறு எரிந்தது.

அடுத்த அறுவடைக்கு மலை ஏறியபோது அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பாறையில் அவித்த சாமையைப் பரப்பிக்கொண்டிருந்தாள். "அந்தாளு ஒரு நாளு ஏறி வந்து கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே," என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "நீயும் வாயத் தொறந்திருக்கலாம், தம்பி," என்றாள். அவளோடு சேர்ந்து சாமையைக் கிளறிவிட்டேன்.

அக்கா சாமை அவிக்கும் தண்ணீரில் ஒரு இலையைப் போடுவாள். அதையும் அப்போதே நோட்டின் ஓரத்தில் எழுதியிருக்கிறேன், வேறொரு பக்கத்தில். அன்று மேடையில் அந்தப் பக்கத்தை விரிக்கவில்லை. தன் ஆய்வுக்கூடத்தில் அவித்துப் பார்த்தால் அதே எண்கள் வரவில்லை என்று பேராசிரியர் போன மாதம் போன் செய்தார். வேறு ஏதாவது விட்டுப்போனதா என்று மரியாதையாகத்தான் கேட்டார்.

மலை ஏறிப் போய் அக்காவைக் கேளுங்கள் என்று சொல்ல வாய்வரை வந்தது. சொல்லவில்லை.

"நீங்க எடுத்துக்கினு போன எண்ணு எல்லாம் சரியாத்தான் சார் இருக்குது," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.