எதிர்க் கட்டிலின் கேள்வி

கடலூரிலிருந்து சிதம்பரம் வரும் வழியில் என் மகளின் ஸ்கூட்டர் லாரியில் மோதியது. பின்னால் உட்கார்ந்திருந்த தோழி அங்கேயே இறந்துவிட்டாள். மகள் கண் விழித்தால் முதலில் அவளைத்தான் கேட்பாள் என்ற பயத்தோடு மூன்று நாளாக ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தேன். எதிர்க் கட்டில் பெரியவரிடம் மட்டும் இதைச் சொல்லியிருந்தேன்.

ஒடிசலான மனிதர். கட்டம் போட்ட லுங்கி. படுத்திருந்த மனைவிக்கு மணிக்கொரு தரம் தலை வாரிவிடுவார்.

"மறுபடியும் மேக்கப்பா தாத்தா?" என்பாள் நர்ஸ்.

"பொண்ணு பாக்க வர்றாங்கம்மா" என்பார்.

கல்யாணமான புதிதில் பர்மாவிலிருந்து வந்தவர்களாம். நினைவு தடுமாறிய பிறகு அந்த அம்மா பர்மிய மொழிதான் பேசினார். ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பார். பெரியவரும் அலுக்காமல் ஒரே பதிலைச் சொல்வார்.

"என்னங்கய்யா கேக்குறாங்க?"

"கப்பல் வந்துடுச்சான்னு கேக்குறா. இன்னும் வரல, தூங்குன்னு சொல்றேன்."

"வந்துடுச்சுன்னு சொன்னா நிம்மதியா இருப்பாங்கல்ல?"

"வந்துடுச்சுன்னா அவ அப்பாவக் கரையில விட்டுட்டு ஏறணுமேம்மா. அதுக்கப்புறம் அவர அவ பாக்கவே இல்ல. ஒரு தடவ அழுதது போதும்."

அன்று மாலை மகள் கண் திறந்தாள். "அம்மா, அவ எங்க?"

நான் பெரியவரைப் பார்த்தேன். அவர் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

"பக்கத்து வார்டுல இருக்கா. நீ தூங்கு" என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்து வந்தார். பாட்டில் காலியாகவே இருந்தது. எதற்காக எழுந்து போனார் என்று நான் கேட்கவில்லை.