ஃபேன் ரூமில் ஒரு நாற்காலி

பீங்கான் டிப்ளமோ முடித்த கையோடு, விருத்தாசலத்தில் ஒரு சின்ன பொம்மைக் கம்பெனியில் சேர்ந்தேன். செல்போன் வைத்திருப்பவரை ஊரே திரும்பிப் பார்த்த காலம். சூளைப் பக்கம் விடுவார்கள் என்று துள்ளிக்கொண்டு போனால், தகரக் கொட்டகையில் உட்காரவைத்தார்கள். அச்சிலிருந்து எடுத்துக் காயவைத்த பொம்மைகளில் பிசிறு சீவும் வேலை. பத்து மணிக்கே எல்லோருக்கும் தூசியில் புருவம் வெளுத்துவிடும்.

பக்கத்துக் கதவு பெயிண்ட் ரூம். அங்கே நாற்காலி உண்டு, ஃபேன் உண்டு, தூசி கிடையாது. கொலு சீசன் நெருங்கும்போது, அங்கே பொம்மைகளுக்குக் கண் எழுதிக்கொண்டிருந்தவர் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போய்விட்டார்.

என் பக்கத்தில் சீவிக்கொண்டிருந்த அக்கா கம்மாபுரத்திலிருந்து பஸ்ஸில் வருபவர். தூசியில் இருமி இருமி, பாதிச் சோற்றிலேயே டப்பாவை மூடிவிடுவார்.

"நீங்க போங்களேன்க்கா, அந்த நாற்காலிக்கு."

"எனக்கு எங்க வரும் அதெல்லாம். கத்தி புடிச்ச கை."

"அப்ப நான் போறேன்."

எனக்கு மட்டும் வருமா என்று நான் யோசிக்கவே இல்லை. களிமண் எவ்வளவு சுருங்கும் என்பதைப் படித்துத் தெரிந்துகொண்டிருந்தேன். தன்னம்பிக்கை மட்டும் சொந்தச் சரக்கு.

முதலாளி ஒரு பேண்டு வாத்திய பொம்மை செட்டைக் கொடுத்து, "எழுது பாக்கலாம்" என்றார். அந்த நேரம் பார்த்து செல்போன் அடிக்க, வெளியே போனார். கொட்டகை மொத்தமும் கதவோரம் வந்து நின்றது. விறுவிறுவென்று எழுதித் தள்ளினேன். முடித்து நிமிர்ந்ததும் எல்லோரும் பொம்மைகளை எட்டிப் பார்த்தார்கள்.

அக்காதான் ஆரம்பித்தார். "இவன் வேப்பூரப் பாக்குறான். அவன் நல்லூரப் பாக்குறான். மோளக்காரனுக்குக் கடைசி பஸ்ஸும் போயிடுச்சு போல, எப்படி முழிக்கிறான் பாரு."

சிரிப்பு வெடித்தது. நானும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். உள்ளே வந்த முதலாளியும் மேளக்காரனைக் கையில் எடுத்துப் பார்த்துச் சிரித்துவிட்டார். "தொடச்சிட்டு வேற யாராவது எழுதுங்க," என்றார். திட்டு இல்லை, சம்பளப் பிடித்தமும் இல்லை.

"இவ்ளோதானா," என்று அக்கா என் கையிலிருந்த பிரஷ்ஷை வாங்கினார். "இதவிட கேவலமா நான் எழுதிட முடியுமா என்ன."

அவருடைய முதல் கண்ணும் கோணல்தான். மூன்றாவது பொம்மை நேராகப் பார்த்தது. உடனே இன்னொருத்தர், "எனக்குக் குடு, எனக்குக் குடு" என்று பிடுங்கினார். டீ வருவதற்குள் அந்த பிரஷ்ஷுக்கு வரிசையே நின்றது.

நாற்காலி அக்காவுக்குப் போனது. எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். ஆனால் மறுநாள் ஃபேனுக்கடியில் அவர் டப்பாவைக் காலிசெய்து, விரலையும் நக்கியதைப் பார்த்தபோது, ஏதோ நானே சமைத்துப் போட்ட மாதிரி ஒரு தலைகால் புரியாத பெருமை.

அந்த வாரமே அக்கா முதலாளியிடம் போய் நின்றார். "எல்லாருக்கும் கண்ணு எழுத வருது சார். நான் ஒருத்தியே எதுக்கு இங்க உக்காந்துகிட்டு? மொற வெச்சு மாத்தி மாத்தி உக்காருறோம்."

முதலாளி என்னைக் காட்டி, "சரி, அந்தப் பொண்ணு மொற வந்தா?"

"அது பெயிண்ட் கலக்கட்டும் சார்," என்றார் அக்கா. "ஃபேனு எல்லாருக்கும்தான சுத்துது."