பதினான்கு நாள் நோட்டீஸ்

காலை நடை முடிந்து பேக்கரியில் டீ குடிக்கும் எங்கள் ஓய்வூதியர் கூட்டத்தில் மாதம் ஒரு முறையாவது யாராவது கேட்டுவிடுவார்கள்: "இந்தக் காலத்துல சங்கம், ஸ்டிரைக் எல்லாம் எதுக்குங்க?" கேட்பவர்கள் அத்தனை பேரும் அகவிலைப்படிக்காக ஒரு நாளாவது கறுப்பு பேட்ஜ் குத்தியவர்கள். நான் பன்னை டீயில் நனைத்துக்கொண்டிருப்பேன். தொழிலாளர் துறையில் சமரச அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன். முதலாளியையும் தொழிலாளியையும் ஒரே மேசையில் உட்காரவைத்துப் பேசவைப்பது என் வேலை. எந்தப் படிவத்தில் எந்தக் கட்டத்தை விட்டால் ஒரு வழக்கு செத்துப்போகும் என்பது எனக்கு மனப்பாடம். அந்த மனப்பாடத்தால் ஒரு பெண்ணின் கை போனது.

மேட்டுப்பாளையம் சாலையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு பம்ப் உதிரிபாகத் தொழிற்சாலை. பவர் பிரஸ் ஓட்டுவது பெரும்பாலும் பெண்கள். தகட்டைக் கையால் அச்சுக்குள் வைத்துவிட்டுக் கையை எடுக்க வேண்டும். மேல் அச்சு இறங்கித் தகட்டை வெட்டும். கை உள்ளே இருந்தால் மெஷினை நிறுத்திவிட ஒரு சென்சார் உண்டு. அது இருந்தால் வேகம் குறைகிறது என்று நிர்வாகம் எல்லாச் சென்சார்களின் ஒயரையும் பிடுங்கி வைத்திருந்தது. ஆய்வுக்கு ஆள் வரும் நாளில் மட்டும் மாட்டுவார்கள்.

சங்கத் தலைவி அங்கே பிரஸ் ஓட்டும் நாற்பது வயதுப் பெண். மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு ஆலோசனை கேட்டு என் வீட்டுக்கு வந்தார். மறுநாளே மெஷினை நிறுத்தும் முடிவோடு வந்திருந்தார்கள். நான் விடவில்லை. புதிய சட்டப்படி பதினான்கு நாள் நோட்டீஸ் கொடுக்காமல் நிறுத்தினால் அது சட்டவிரோதம், வேலை போய்விடும் என்று விளக்கினேன்.

"ஏனுங்க சார், அந்தப் பதினாலு நாளும் மிசினு சும்மா இருக்குங்களா?" என்றார் தலைவி.

"அம்மணி, சட்டம்னு ஒண்ணு இருக்குதில்ல?"

"இருக்குதுங்க. விரலும் இன்னைக்கு வரைக்கும் இருக்குதுங்க."

மற்ற மூவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நோட்டீஸை நானே தட்டச்சு செய்தேன். ஐந்து நகல்கள், ஒவ்வொன்றுக்கும் ஒப்புகைச் சீட்டு. ஒரு கமா பிசகவில்லை.

ஒன்பதாவது நாள் காலை, தலைவிக்கு அடுத்த பிரஸ்ஸில் நின்ற பெண்ணின் வலது கைமேல் அச்சு இறங்கியது. உடுமலைப்பேட்டையிலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவர். தகடு வெட்டுப்படும் அதே சத்தம்தான் கேட்டது என்று தலைவி என்னிடம் சொன்னார். தன் கன்னத்தில் எண்ணெய் தெறித்ததாக நினைத்துத் தலைவி துடைத்திருக்கிறார். துடைத்த கை முழுக்கச் சிவப்பு. அச்சு கையை நசுக்கியபடி நின்றுவிட்டது. சக்கரத்தில் கம்பியைக் கொடுத்துப் பின்னால் திருப்பி அச்சைத் தூக்கப் பத்து நிமிடம் ஆகியிருக்கிறது. அதுவரை அந்தப் பெண் மயங்காமல் நின்றிருக்கிறார். தூக்கியபோது நான்கு விரல்கள் தகட்டிலேயே ஒட்டிக்கொண்டிருந்தன. மேற்பார்வையாளர் முதலில் சென்சார் ஒயரை மாட்டினார். அதற்குப் பிறகுதான் ஆம்புலன்சைக் கூப்பிட்டார்.

அரை மணி நேரத்தில் எல்லா மெஷின்களும் நின்றன. யாரும் என்னிடம் ஆலோசனை கேட்கவில்லை.

வாசலில் உட்கார்ந்தவர்களை எழுப்ப மூன்றாம் நாள் நிர்வாகம் இரண்டு வேன் நிறைய ஆட்களை இறக்கியது. நம் ஊர்ப் பக்கத்து ஆட்கள்தான், மரியாதை தெரிந்தவர்கள். "ஏனுங்க பெரியவரே, தள்ளி நில்லுங்க, மேல பட்டுருமுங்க" என்று ஒருவன், கோப்போடு அங்கே போயிருந்த என் தோளைப் பிடித்து ஓரமாக நிறுத்தினான். பிறகு போய்த் தலைவியின் முழங்காலில் இரும்புக் குழாயை இறக்கினான். எலும்பு உடைவது எனக்குக் கேட்டது. விழுந்தவரின் முடியைப் பிடித்து இழுத்தான். "எந்திரிங்கக்கா, வேலைக்குப் போங்கக்கா!" அடிக்கு ஒரு அக்கா. பெண்கள் மதியச் சோறு கொண்டுவந்த போசிப் பாத்திரத்தால் திருப்பி அடித்தார்கள். ஒருவன் உடைந்த பல்லைத் தார்ரோட்டில் துப்பினான். அலுவலகக் கண்ணாடி நொறுங்கியது. நான் கோப்பைத் திறந்துவைத்துக்கொண்டு சட்டப் பிரிவின் எண்ணைக் கத்திக்கொண்டிருந்தேன். எந்தப் பக்கத்திலிருந்து வந்த கல்லோ, என் காதைக் கிழித்துவிட்டுப் போனது. போலீஸ் வந்து, அடித்தவர்களைப் போகவிட்டு அடிபட்டவர்களை வேனில் ஏற்றியது.

யாரோ எடுத்த வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. ஆறாம் நாள் நிர்வாகம் இறங்கி வந்தது. எல்லாச் சென்சார்களையும் இணைத்து, ஒயர்ப் பெட்டிகளைப் பூட்டி, ஒரு சாவியைச் சங்கத்திடம் கொடுத்தது. நான் பணியில் இருந்தபோது எழுதிய கடிதம் எதற்கும் இப்படி ஒரு பதில் வந்ததில்லை.

ஆனால் தலைவி இடைநீக்கம் செய்யப்பட்டார். உள்விசாரணையில் அவருக்குத் துணையாக நான் போனேன். விசாரணை அதிகாரியாக நிர்வாகம் ஒரு வக்கீலைப் போட்டிருந்தது.

"நோட்டீஸ் காலம் முடியறதுக்கு முன்னாடியே வேலையை நிறுத்தினது தப்புன்னு ஒத்துக்கிறீங்களா?"

"தப்புத்தானுங்க," என்றார் கட்டுப்போட்ட காலை நீட்டியிருந்த தலைவி. "ஒம்பது நாள் பொறுத்துப்போட்டமுங்க. மொத நாளே நிறுத்தியிருக்கோணும்."

"தவறை ஒப்புக்கொண்டார்," என்று வக்கீல் தட்டச்சரிடம் சொன்னார். நான் எழுந்து, சொன்னதைச் சொன்னபடியேதான் பதிய வேண்டும் என்றேன். முறைத்துவிட்டு முழுதாகப் பதியச் சொன்னார்.

"யார் சொல்லி ஒன்பது நாள் பொறுத்தீங்க?"

தலைவி என் பக்கம் திரும்பவே இல்லை. "ஞாபகமில்லீங்க."

"நான் சொல்லித்தான். அதையும் பதியுங்கள்," என்றேன்.

"துணைக்கு வந்தவர் சாட்சி சொல்ல முடியாதுங்க சார். உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். அந்த விதியைச் சொல்லி எத்தனையோ பேரை நானே உட்காரவைத்திருக்கிறேன். உட்கார்ந்தேன். அடுத்த வாரம் தலைவிக்கு வேலைநீக்க உத்தரவு வந்தது. மேல்முறையீட்டு மனுவை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒன்பது நாள் யார் பேச்சைக் கேட்டுப் பொறுத்தார் என்பதை முதல் பத்தியிலேயே வைத்திருக்கிறேன்.