இறுகிய கதவு

என் வீட்டுக்காரர் தச்சு வேலை செய்கிறவர். அதிலும் கதவு வேலைதான் அதிகம். தெருவில் பாதிப் பேருக்கு அவர் பெயர் தெரியாது, "காயட்டும்" என்றால்தான் தெரியும். ஊமை வெயிலும் பேய்மழையும் மாறி மாறி வரும் மாதங்களில் வீட்டுக்கு வீடு கதவு ஊதிப்போய்ச் சட்டத்தோடு இறுகிக்கொள்ளும். இழைத்துக் கொடுங்கள் என்று ஆள் வரும். இவர் கதவை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு, "காயட்டும்" என்பார். இப்போது இழைத்தால் ஈரம் வற்றியதும் கதவு சுருங்கும், சந்து விழும், பூச்சி பொட்டெல்லாம் உள்ளே வரும், அப்போது என்னைத்தான் திட்டுவீர்கள் என்பது அவர் கட்சி. வலிய வரும் வேலையைத் திருப்பி அனுப்பும் மனுஷனைக் கட்டிக்கொண்டு நான் என்ன செய்ய. ஆனால் மரம் விஷயத்தில் அவர் சொன்னது தப்பாய்ப் போனதில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

இந்த வருஷம் வெயில் ஆளை உரித்தது. மதியம் வரை கொளுத்தும். பிறகு வானம் பொத்துக்கொண்டு ஊற்றும். மழை விட்டதும் தரையிலிருந்து ஆவி கிளம்பும். துவைத்த துணி மூன்று நாளானாலும் நமுத்தே கிடந்தது. மின்விசிறி சூடான காற்றைத்தான் சுற்றிச் சுற்றி அடித்தது. எங்கள் குளியலறைக் கதவும் ஊதிக்கொண்டது. அந்த அறை மாடிப்படிக்குப் போகிற வழியில் இருக்கிறது. மாடியில் நாலு இளவட்டங்கள் வாடகைக்கு இருக்கிறார்கள். கதவைத் திறந்துபோட்டுவிட்டு உள்ளே போக முடியாது.

அவருடைய அக்கா, எனக்கு அண்ணி, முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு எங்களோடுதான் இருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை குளியலறைக்குப் போனவர் கதவைத் திறக்க முடியாமல் அரைமணி நேரம் மாட்டிக்கொண்டார். கடைசியில் இவர் தோளால் இடித்துத் திறந்தார். வியர்வையில் தொப்பலாக நனைந்து வெளியே வந்த அண்ணியிடம், தச்சர் வீட்டுக் கதவே இந்த லட்சணம் என்று சொல்லி நான் சிரித்தேன். அண்ணியும் சிரித்தார். லேசாக இழைத்துவிடேன் என்று அண்ணி கேட்டதற்கு இவர் என்ன பதில் சொல்லியிருப்பார் என்று சொல்லவும் வேண்டுமா.

பத்து நாள் கழித்து ஒரு மாலை நான் வேலைவிட்டு வந்தபோது அண்ணி சமையலறைத் தரையில் கிடந்தார். உதடு வெடித்திருந்தது, பேச்சு குழறியது. மருத்துவமனையில் சலைன் ஏற்றினார்கள். உடம்பில் தண்ணீரே இல்லை, இந்தப் புழுக்கத்தில் இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் சிறுநீரகம் போயிருக்கும் என்றார் டாக்டர். ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிப்பீர்கள் என்று கேட்டார். பேச்சுத் தெளிந்த பிறகு, காலையில் ஒரு டம்ளர், சாயங்காலம் ஒரு டம்ளர் என்றார் அண்ணி. ஏன் என்று இவர் கேட்டார்.

"நீங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போயிடுறீங்க. தண்ணி குடிச்சா அங்க போகணும். கதவு இறுகிடுச்சுன்னா மாடியில இருக்கிற பசங்களைத்தான் கூப்பிடணும். அவங்க வந்து இடிச்சுத் திறக்கிற கோலத்துல நான் இருக்கணுமா?"

"இன்னொரு தடவை சொல்லியிருக்கலாமேக்கா."

"உனக்குத் தெரியாததையாடா நான் சொல்லப் போறேன்? மரத்தைப் பத்தி நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன்."

அண்ணி திட்டியிருந்தால்கூட இவர் தாங்கியிருப்பார். அன்று நான் சிரித்த சிரிப்பை நினைத்து எனக்கும் கூசியது.

அவர் கொட்டுகிற மழையோடு வீட்டுக்குப் போனார். மாற்றுத் துணி எடுக்க நான் போனபோது, குளியலறைக் கதவைக் கீலிலிருந்து கழற்றிக் கூடத்தில் போட்டு இழைத்துக்கொண்டிருந்தார். ஈரச் சுருள் இழைப்புளியின் வாயை அடைக்க அடைக்க, விரலால் நோண்டி எடுத்துவிட்டு மறுபடி இழைத்தார். போதும், காய்ந்தால் விரல் போகிற அளவுக்குச் சந்து விழும் என்று நான்தான் சொன்னேன். காதில் வாங்கவில்லை.

மூன்றாம் நாள் காலை அண்ணி வீட்டுக்கு வந்தார். உள்ளே போய்ச் சாத்தித் திறந்து காட்டச் சொன்னார் இவர். ஒரு விரலால் இழுத்ததுமே திறந்தது. அண்ணி எங்கள் முன்னாலேயே ஒரு சொம்புத் தண்ணீரை மடக் மடக்கென்று குடித்தார். இனிமேல் கவலையில்லை, இரண்டு பேரும் கிளம்புங்கள் என்றார். நான் கிளம்பினேன். அவரும் கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல் வரை வந்தார். அங்கேயே பையை இறக்கி வைத்துவிட்டு உள்ளே திரும்பிப் போனார். அன்றைக்கு அவர் வேலைக்குப் போகவில்லை.