கேக் கொண்டு வந்தவர்கள்

பொதுத்தேர்தல் தேதி அறிவித்துவிட்டால் இங்கிலாந்தில் எங்கள் கெல்பரோ ஊரில் முதலில் கூட்டம் சேருவது கட்சி அலுவலகத்தில் அல்ல, நோரீன் அக்ராய்டின் பார்லரில்தான். பந்தயக் கடையில் பணம் கட்ட நினைக்கும் ஆண்கள், மனைவியை முதலில் நோரீனிடம் தலை அலச அனுப்பிவிட்டுத்தான் எந்தக் கட்சியின் மேல் கட்டலாம் என்று யோசிப்பார்கள். டிவியில் கோட்டு போட்டவர்கள் சதவீதங்களைக் கொட்டிக் குழப்பட்டும், நோரீன் ஒரே ஒரு பெயரைச் சொல்வாள். அந்த ஆள்தான் எங்கள் தொகுதியில் ஜெயிப்பார்.

அவளிடம் மந்திரம் ஏதுமில்லை. கழுத்தைத் தலை அலசும் தொட்டியின் விளிம்பில் சாய்த்து, கண் கூரையைப் பார்த்திருக்க, மண்டையில் வெந்நீர் ஓடும்போது யாருக்கும் பொய் சொல்லத் தோன்றாது. வாசலில் வந்து நிற்கும் மூன்று கட்சிக்காரர்களிடமும் "கண்டிப்பா உங்களுக்குத்தான்" என்று சிரித்துக் கதவைச் சாத்துகிற எங்கள் ஊர்ப் பெண்கள், நோரீனின் விரல்கள் ஷாம்பூவைத் தேய்க்கத் தொடங்கியதும் உள்ளதைச் சொல்லிவிடுவார்கள்.

பிஸ்கட் தொழிற்சாலையில் வேலை பார்த்த கென்னை மணந்து, வீட்டின் முன்னறையையே பார்லராக்கி, ஒரே மகள் நட்டலியைப் படிக்கவைத்தவள் நோரீன். கென் இறந்து இரண்டு குளிர்காலம் ஆகிறது. நட்டலி ஊர் கவுன்சிலில் உறுப்பினராக இருந்தாள். இந்த முறை பாராளுமன்றத்துக்கு வேட்பாளராகிவிட்டாள். தெருமுனை விளக்குக் கம்பத்திலெல்லாம் அவள் முகம் சிரித்தது.

அன்றிலிருந்து நோரீனின் நிம்மதி போயிற்று. தொட்டியில் தலை சாய்த்தவர்கள் திடீரென்று வானிலை பேசினார்கள், பேரன் பேத்தி பேசினார்கள், கண்களை இறுக மூடிக்கொண்டார்கள். "நட்டலிக்குத்தான் நோரீன், அதிலென்ன சந்தேகம்" என்றார்கள், கேட்காமலேயே.

அதோடு கேக் வரத் தொடங்கியது. ஒருத்தி எலுமிச்சை கேக், ஒருத்தி தோட்டத்து ருபார்ப் என்ற புளிப்புத் தண்டு போட்ட கிரம்பிள், ஒருத்தி ஜாம் தடவிய ஸ்பாஞ்ச். முடி வெட்டிக்கொள்ள வந்தவள் போகும்போது கையைப் பிடித்து அழுத்தினாள். சாவு வீட்டுக்குக் கேக் செய்து கொண்டுபோவது எங்கள் ஊர் வழக்கம்; கென்னின் சாவுக்குக்கூட இத்தனை கேக் வந்ததில்லை.

"பார்த்தியாம்மா, ஊரே நம்ம பக்கம்!" என்று நட்டலி ஒரு துண்டை வாயில் அடைத்துக்கொண்டு ஓடினாள். கட்சி நிற ரிப்பன் பூவைச் சட்டையில் குத்திக்கொண்டு, தேய்ந்த செருப்போடு தெருத் தெருவாக அலைந்தாள் அவள். வேலையையும் விட்டிருந்தாள். அந்த முகத்தை நோரீனால் நேராகப் பார்க்க முடியவில்லை. டீ போட்டு, குடிக்க மறந்து, மறுபடி போட்டாள்.

வாக்குப்பதிவுக்கு முந்தின நாள் மதியம், எதிர்வீட்டு பெரில் துவெயிட் வந்தாள். எண்பதைத் தொட்டுக்கொண்டிருப்பவள். கையில் மூடி போட்ட தட்டு.

"உனக்காகத்தான் செஞ்சேன் கண்ணு. இஞ்சி கேக்."

நோரீன் அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கடையே அதிரும்படி கத்தினாள். "போதும் பெரில்! எடுத்துட்டுப் போங்க! எதுக்கு இப்ப ஆளாளுக்குக் கேக்கு? என் வீட்ல யார் செத்துட்டாங்க?"

முடி உலர்த்தும் டிரையரின் கீழே உட்கார்ந்திருந்த இரண்டு பெண்களும் பத்திரிகைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்கள். பெரிலின் கீழுதடு துடித்தது.

"உன் பொண்ணுக்கு ஓட்டுப் போட மனசு வரலைடி. அதை உன் மூஞ்சியப் பார்த்து எப்படிச் சொல்றது? அதான் கேக்கு."

"ஏன்?"

"சாயங்காலத்து ஆஸ்பத்திரி பஸ்ஸ நிறுத்தினாங்களே கவுன்சில்ல. அதுக்குக் கை தூக்கினவ அவதானே. ஆஸ்பத்திரியில கிடந்த என் தங்கச்சிய மூணு வாரம் நான் பகல்ல மட்டும்தான் பார்த்தேன். டாக்ஸிக்கு எங்க போவேன்? நான் மட்டும் இல்ல, இவளுங்களும்தான்." பெரில் டிரையர் பக்கம் தாடையை ஆட்டினாள். பத்திரிகைகள் இன்னும் உயர்ந்தன.

நோரீன் பெரிலை நாற்காலியில் உட்காரவைத்து, துண்டைக் கழுத்தில் கட்டி, வழக்கம்போல் அவள் தலையை அலசினாள். வெந்நீரோடு நோரீனின் கண்ணீரும் தொட்டியில் விழுந்தது. ஊரில் எத்தனை பேர் நட்டலிக்கு ஓட்டுப் போடப்போவதில்லை என்று இப்போது அவளுக்குக் கணக்குத் தெரிந்துவிட்டது. வந்த ஒவ்வொரு கேக்கும் ஒரு மன்னிப்பு.

சாயங்காலம் நட்டலி வந்தாள். கூடவே அவளுடைய தேர்தல் ஏஜெண்ட் டேமியன், போனைக் கீழே வைக்காத ஆள்.

"கருத்துக்கணிப்புல ஒரு பாயிண்ட் முன்னால இருக்கோம்" என்றான் டேமியன். "இந்த ஊர்ல அதைவிடப் பெரிய கணிப்பு உங்களுதுன்னு சொல்றாங்க. நட்டலி கேட்கவே பயப்படறாங்க."

"நான் ஒண்ணும் பயப்படலை" என்றாள் நட்டலி. பிறகு அம்மாவைப் பார்த்தாள். "சொல்லும்மா. ஜெயிப்பேனா?"

பொய் சொல்லிவிடலாம். ஒரு ராத்திரியாவது பிள்ளை நிம்மதியாகத் தூங்கும். நோரீன் வாயைத் திறந்தாள், மூடினாள்.

"மாட்டேடி."

டேமியன் போனைக் கீழே வைத்தான்.

"யாரு போட மாட்டாங்க? பேர் சொல்லுங்க" என்றான் டேமியன். "இன்னும் வெளிச்சம் இருக்கு, போய்ப் பேசிடலாம்."

"என் தொட்டியில தலை வெச்சவங்க பேரை நான் யார்கிட்டயும் சொன்னதில்லை தம்பி. பெத்த பொண்ணுக்காகவும் சொல்ல மாட்டேன்."

"நாளைக்கு வாழ்வா சாவான்னு நிக்கறேன்." நட்டலியின் குரல் உடைந்தது. "அவங்க ரகசியம் உனக்குப் பெருசா? நீயாவது என் பக்கம்னு நினைச்சேன்."

"ஒருத்தியப் பத்திச் சொல்ல மட்டும் எனக்கு உரிமை இருக்கு. அது நான்தான். நான் இன்னும் முடிவு பண்ணலை."

நட்டலிக்கு முகம் வெளுத்தது. அம்மாவை அப்படிப் பார்த்தாள், ஏதோ முன்பின் தெரியாத பெண்ணைப் பார்ப்பதுபோல. பிறகு பையை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று வெளியே போனாள். டேமியன் பின்னாலேயே ஓடினான். கதவு அறைந்து சாத்திக்கொண்டது.

போய்விட்டாள். கென்னும் போய், இவளும் போய்விட்டாள். நோரீன் நாற்காலியின் முதுகைப் பற்றிக்கொண்டு நின்றாள். ஏன் சொன்னேன், ஏன் சொன்னேன் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

அழைப்பு மணி அடித்தது.

திறந்தாள். நட்டலி நின்றாள். அழுது சிவந்த கண்களைத் துடைத்துக்கொண்டு, வீடு வீடாகச் சொல்லிப் பழகிய அதே குரலில் தொடங்கினாள்.

"மாலை வணக்கங்க. நான் நட்டலி அக்ராய்ட், உங்க தொகுதி வேட்பாளர். என் மேல உங்களுக்கு என்ன குறைன்னு தெரிஞ்சுக்கலாமா?"

நோரீன் கதவின் நிலையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்தது வெளியே வந்தது.

"உங்கப்பா ஆஸ்பத்திரியில போன அன்னிக்கு நான் ஏன் லேட்டுன்னு கேட்டியே. கடையில வேலைன்னு சொன்னேன். வேலையும் இல்ல, ஒண்ணும் இல்ல. கடையச் சாத்திட்டு ஓடிப் போய் ஸ்டாப்புல நின்னேன். பஸ் வரலை. அன்னிக்குத்தான் நிறுத்தியிருந்தாங்கன்னு எனக்குத் தெரியாது. மழையில டாக்ஸி தேடிப் போய்ச் சேர்ந்தப்ப நர்ஸு அவர் முகத்த மூடிட்டாங்க. தனியாப் போனார்டி அவர்."

"அம்மா..."

"நீ கை தூக்கின பஸ்ஸுன்னு அப்புறம் தெரிஞ்சுது. அதை உன்கிட்ட எப்படிச் சொல்வேன்? அப்பா செத்த துக்கமே உனக்கு ஜாஸ்தி."

நட்டலி படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். பணம் இல்லை, வேறு வழியில்லை என்று கவுன்சிலில் பேசியதையெல்லாம் விட்டுவிட்டு, அம்மாவின் முழங்காலில் முகம் புதைத்து அழுதாள். டேமியன் வாசலில் நின்ற காரில் இருந்தபடி ஹாரன் அடித்தான்.

வெகுநேரம் கழித்து எழுந்தாள். "ஓட்டுப் போடுன்னு கேக்க மாட்டேன்மா" என்றாள். டேமியன் கார் ஜன்னல் வழியே நீட்டிய துண்டுப் பிரசுரங்களை வாங்கவில்லை. தெருவைக் கடந்து நேர் எதிர்வீட்டுக்கு நடந்தாள்.

நோரீன் யார் பேரையும் சொன்னதில்லை; அருகிலிருந்த கதவு அதுதான். பெரில் கதவைத் திறந்தாள். வழக்கமான சிரிப்பை வரவழைத்துக்கொண்டு, "உனக்குத்தான் கண்ணு..." என்று ஆரம்பித்தாள்.

"ஓட்டுக் கேக்க வரலை. பஸ்ஸப் பத்தித் திட்டறதுக்கு யாராவது இருக்காங்களான்னு கேக்க வந்தேன்."

பெரிலின் சிரிப்பு மறைந்தது. அவள் ஒரு கையை இடுப்பில் வைத்தாள்.

"இருக்கேன்டி" என்றாள். "உள்ள வா. செருப்பக் கழட்டு. நிறைய இருக்கு."

பெரிலின் குரல் ஜன்னலைத் தாண்டித் தெரு முழுக்கக் கேட்டது. பக்கத்து வீட்டுக் கதவு ஒன்று திறந்தது, மதியம் டிரையரின் கீழே இருந்தவர்களில் ஒருத்தி கம்பளிச் சட்டையை இழுத்து மாட்டிக்கொண்டே அங்கே ஓடினாள். பிறகு இன்னொருத்தி. வாசலில் நின்ற நோரீனைப் பார்த்து, காருக்குள்ளிருந்து டேமியன் பதறினான்.

"இதனால ஓட்டு வருமா, போகுமா?"

"தெரியலை தம்பி" என்றாள் நோரீன். வாழ்நாளில் முதல்முறையாக அவளுக்கு நிஜமாகவே தெரியவில்லை.