ஏழாவதாக நின்றவள்

ஊர்க்கூட்டத்தன்று நோரீன் லாபெல் மண்டபத்துக்குள் உட்கார்ந்ததே இல்லை. கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கு இடம் பின்னால் இருக்கும் சமையலறைதான். வருஷாவருஷம் கூட்டம் நடக்கும் மார்ச் மாதத்து முதல் செவ்வாய்க்கிழமை விடிவதற்குள் பீன்ஸ் பயறு அடுப்பில் ஏறிவிட வேண்டும். மதியம் ஊரே தட்டோடு வந்து நிற்கும்போது அது மேப்பிள் பாகில் கறுத்துக் குழைந்திருக்க வேண்டும். ரோட்டுச் செலவு, தீயணைப்பு வண்டி, அவிழ்த்துவிட்ட நாய்கள் என்று உள்ளே நடக்கும் சண்டையெல்லாம் பரிமாறும் ஜன்னல் வழியாகக் காதில் விழும். வாக்கெடுப்பு வந்தால் கூட்டத் தலைவர் அமோஸ் கிம்பால் மரச்சுத்தியால் ஜன்னல் பலகையில் ஒரு தட்டுத் தட்டுவார். பெண்கள் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, கையைத் தூக்கிவிட்டு, மறுபடி அடுப்புக்குப் போய்விடுவார்கள்.

இந்த வருஷம் அவள் நறுக்கிய துண்டுகள் ஒன்றுபோல் இல்லை. சமையலறையை ஆளும் பெர்னிஸ் அதைப் பார்த்துவிட்டாள்.

"என்னடி, பன்றிக்கறிய நறுக்குறியா, கொத்துறியா?"

"கத்தி மொன்னை."

"கத்தி நல்லாத்தான் இருக்கு. உனக்குப் பன்னிரண்டாவது தீர்மானம் தொண்டையில நிக்குது."

ஆற்றங்கரை அணுமின் நிலையத்தைப் பற்றிய தீர்மானம் அது. நாற்பது வருஷ உரிமம் முடியப்போகிறது. இன்னும் இருபது வருஷம் ஓட்ட அனுமதி கேட்கிறார்கள். கொடுக்கக்கூடாது என்று மாநிலச் சட்டசபைக்கு இந்த ஊர் சொல்ல வேண்டும் என்று டெஸ்ஸா விங்கேட் வீடு வீடாக ஏறிக் கையெழுத்து வாங்கியிருந்தாள். டெஸ்ஸா ஆடு வளர்த்துப் பாலாடைக்கட்டி விற்பவள். பாஸ்டனை விட்டு வந்து இருபது வருஷமாகியும் மலைக்கு வெளியிலிருந்து வந்தவள் என்று ஊர் அவளைச் 'சமவெளிக்காரி' என்றுதான் சொல்லும். நோரீன் வீட்டுக்கும் வந்தாள். "அவர் வேலைக்குப் போயிருக்கார்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள் நோரீன். சாத்திய கதவுக்குப் பின்னால் கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தாள்.

அவர் என்பது அவள் புருஷன் டுவேன். அந்த நிலையத்தில் குழாய் வேலை. மகனுடைய காதில் மூன்று முறை கத்தி வைத்தபோதும் மருத்துவச் செலவை ஏற்றது நிலையத்துக் காப்பீடுதான். அந்தச் சம்பளத்தில்தான் வீட்டுக்குக் கூரை மாற்றினார்கள். இதையெல்லாம் நோரீன் மறந்தவள் இல்லை. ஆனால் டுவேன் வெளியில் வாய் திறக்காத ஆள்; வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மட்டும் எல்லாவற்றையும் கொட்டிவிடுவான். மேஸ்திரி வெண்டெல் ஷாட்டக் யாரைத் திட்டினான், யார் யாரோடு பேசுவதில்லை, எல்லாம். அவள் தோழிகள் புருஷன் பேசுவதில்லை என்று அழும்போது நோரீனுக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை இருக்கும். ஜனவரியில் ஒருநாள் சூப்பைக் கலக்கிக்கொண்டே சொன்னான்:

"ஒரு வால்வு இருக்கு. அதுக்கு உதிரி செய்யற கம்பெனியே இப்ப இல்ல. பழசையே கடைஞ்சு கடைஞ்சு மாட்டுறோம். நாப்பது வருஷத்துக்குன்னுதானே கட்டினாங்க நோரீன். அறுபதுக்கு இல்லையே." பிறகு ரொட்டியைப் பிய்த்தபடி, "இது இந்த மேசையோட இருக்கட்டும்" என்றான்.

மேசையோடு இருந்தது. ஆனால் அவள் பள்ளிக்கூடத்துச் சமையல்காரி. அவளுடைய அலமாரியில் இலவங்கப்பட்டை டப்பாவுக்குப் பக்கத்தில், விபத்து நேர்ந்தால் பிள்ளைகளுக்குக் கொடுப்பதற்கான அயோடின் மாத்திரைப் பெட்டி இருக்கிறது. முன்பெல்லாம் அதை நகர்த்திவிட்டு டப்பாவை எடுப்பாள். ஜனவரிக்குப் பிறகு அதை நகர்த்தும்போதெல்லாம் கை நின்றுவிடுகிறது.

"நீ போய்க் காபி ஊத்து" என்று பெர்னிஸ் கெட்டிலை அவள் கையில் திணித்தாள். "இங்கயே நின்னா விரல நறுக்கிப் பீன்ஸ்ல போட்டுருவ."

மண்டபத்தில் ஈரக் கம்பளியும் சேறும் மணத்தன. நிலையத்து ஆட்கள் பின்வரிசை முழுவதையும் பிடித்திருந்தார்கள். நடுவில் டுவேன். வெண்டெல் எழுந்து பேசிக்கொண்டிருந்தான்.

"தீயணைப்பு வண்டி யார் பணத்துல வந்துச்சு? நிலையம் கட்டற வரியிலதானே? சமவெளியிலேருந்து ஆட்டுக்குட்டி ஓட்டிக்கிட்டு வந்துச்சா?"

சிரிப்பு எழுந்தது. டெஸ்ஸா அது அடங்கும்வரை காத்திருந்தாள். "தலைவரே, இதுக்குக் கை தூக்க வேண்டாம். சீட்டுல எழுதிப் போடலாம்."

"தாராளமா" என்றார் அமோஸ். "ஏழு வாக்காளர் எழுந்து நின்னு கேக்கணும். அதான் சட்டம். கேக்கறவங்க நில்லுங்க."

"நல்லதாப் போச்சு" என்றான் வெண்டெல். "ஒளிஞ்சு ஓட்டுப் போட ஆசப்படறவங்க மூஞ்சிய எல்லாரும் பாத்துக்கலாம்."

டெஸ்ஸா நின்றாள். போதகர் நின்றார். நூலகத்துப் பெண், காய்கறிப் பண்ணைத் தம்பதி, ஓய்வுபெற்ற பல் மருத்துவர். எல்லாரும் பிறகு வந்து குடியேறியவர்கள். இந்த ஊரில் பிறந்தவர்கள் தங்கள் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு நிலையத்தில் ஒரு மகனோ மருமகனோ இருந்தான்.

அமோஸ் சுத்தியை நீட்டி எண்ணினார். "...அஞ்சு. ஆறு." சுத்தி தூண் பக்கம் திரும்பியது. "நோரீன், ஏழு."

அவள் கெட்டிலோடு தூணோரம் நின்றுகொண்டிருந்தாள். ஒருவருக்கு ஊற்றி முடித்து அடுத்தவர் கோப்பைக்கு நகரும் நேரம் அது.

"ஐயா, அவ காபி ஊத்திட்டிருக்கா" என்றான் வெண்டெல். "கேக்க ஒண்ணும் நிக்கல."

"எனக்கு எப்படிப்பா தெரியும்? நிக்கறவங்கள எண்ணினேன்." அமோஸ் கண்ணாடியை மேலே தள்ளினார். "நோரீன், நீங்க கேக்கலைன்னா உக்காந்துடுங்க. நின்னா எண்ணுவேன்."

பின்வரிசையில் நாற்காலி கரகரவென்று தேய்ந்தது. டுவேன் தன் பக்கத்துக் காலி நாற்காலியை அவளுக்காக வெளியே இழுத்திருந்தான். அவன் அவளைப் பார்க்கவில்லை. நாற்காலியின் முதுகில் கையை வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நாலு எட்டு வைத்தால் நாற்காலி. உட்கார்ந்தால் அமோஸ் தலையாட்டுவார், கைகள் உயரும், யார் கை என்று வெண்டெல் ஒவ்வொன்றாகப் பார்ப்பான், தீர்மானம் செத்துவிடும். அவள் பீன்ஸுக்குப் போகலாம். நின்றால், நாளை முதல் டுவேன் அந்த ஆட்களோடுதான் சாப்பிட வேண்டும், அந்த ஆட்களோடுதான் கருவிப்பெட்டியைத் தூக்க வேண்டும். அதைவிட, அவன் இனி வீட்டில் எதையும் சொல்லாமல் போய்விட்டால்? கெட்டிலின் பிடி சுட்டது. அதைக் கீழே வைக்கவும் தோன்றவில்லை.

"காபி ஊத்தி முடிச்சாச்சு, தலைவரே" என்றாள். "நிக்கிறேன்."

நாற்காலியிலிருந்து டுவேன் கையை எடுத்துக்கொண்டான்.

பெயரைச் சரிபார்த்து, துண்டுச் சீட்டும் பென்சிலும் வாங்கி, அட்டைத் தடுப்புக்குப் பின்னால் எழுதி, மரப்பெட்டியில் போட வேண்டும். வரிசை சுவரோரமாக வளைந்தது. டுவேன் அவளுக்குப் பின்னால் வந்து நின்றான்.

"வீட்டுல சொன்னது வீட்டோட இருக்கணும்" என்றான் தாழ்ந்த குரலில்.

"நான் எதையும் சொல்லல. நின்னேன், அவ்வளவுதான்."

"நீ நின்னதுலயே எல்லாம் வெளிய வந்துருச்சு."

அவள் எழுதினாள், மடித்தாள், போட்டாள். அவன் தடுப்புக்குப் பின்னால் அவளைவிட அதிக நேரம் இருந்தான்.

தீர்மானம் கொஞ்ச வித்தியாசத்தில் நிறைவேறியது. டெஸ்ஸா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நிலையத்து ஆட்கள் சாப்பாட்டுக்கு நிற்காமல் வெளியேறினார்கள், டுவேனும்தான். பெர்னிஸ் மீந்துபோன ஆப்பிள் பலகாரத்தில் பெரிய துண்டாக எடுத்து நோரீன் தட்டில் வைத்தாள்.

டுவேன் டிரக்கை எடுத்துக்கொண்டு போயிருப்பான் என்று நோரீன் நினைத்தாள். போகவில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அவள் ஏறி உட்கார்ந்த பிறகும் அவன் கியரைத் தொடவில்லை.

"வெண்டெல் கேட்டான், உன் பொண்டாட்டி எந்தப் பக்கம் ஓட்டுப் போட்டான்னு."

"நீ என்ன சொன்ன?"

"சீட்டுக்குள்ள நான் எட்டிப் பாக்கலைன்னேன்."

"நான் சொல்லட்டுமா?"

"வேணாம்" என்றான். சேற்றில் சக்கரம் இரண்டு முறை சுழன்ற பிறகே பிடித்தது.

அன்று சாப்பாட்டு மேசையில் அவன் உப்பைக் கேட்டான். புதன்கிழமை அதையும் கேட்கவில்லை. கையை நீட்டித் தானே எடுத்துக்கொண்டான். நோரீன் பள்ளிக்கூடத்துக் கதைகளைச் சொல்லிப் பார்த்தாள். அவன் தலையாட்டினான். இப்படியே மிச்சக் காலமும் போய்விடுமோ என்ற பயம் அவளுக்கு ஒவ்வொரு வாயோடும் இறங்கியது. மன்னிப்புக் கேட்கலாமா என்றுகூட நினைத்தாள். எதற்கு என்று தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை அவன் பூட்ஸைக் கழற்றாமலே வந்து உட்கார்ந்தான். சேறு தரையெல்லாம் பதிந்தது.

"இந்த வாரம் பூரா ஒருத்தனும் என்கூட உக்காந்து சாப்பிடல" என்றான். "தட்ட எடுத்துக்கிட்டு அடுத்த மேசைக்குப் போறானுங்க."

நோரீன் அடுப்பை அணைத்துவிட்டு எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"யார் யாரு?" என்று கேட்டாள்.

அவன் தட்டைத் தள்ளி வைத்தான். முதலில் வெண்டெல் பெயரைச் சொன்னான். பிறகு ஒவ்வொருவராகச் சொல்லத் தொடங்கினான்.